மலையேறும் முன் டேப்லெட்டை நிரப்பிக்கொள்ளுங்கள்: சேலம், ஏற்காடு வாசகர்களுக்கான தொடக்க வழிகாட்டி

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வாங்கித் தந்ததாகவோ, ஊரடங்குக் காலத்தில் இணையவழி வகுப்புக்காக வாங்கியதாகவோ ஒரு டேப்லெட் பல வீடுகளில் இருக்கிறது; ஆனால் அது பெரும்பாலும் பீரோவிலேயே கிடக்கிறது. கைப்பேசியில் செய்யும் வேலைகளையே அதிலும் செய்து பார்த்துவிட்டு, இதில் தனியாக என்ன பயன் இருக்கிறது என்று எடுத்து வைத்துவிடுவதே அதற்குக் காரணம் என்பது என் கருத்து. பேசுவதற்கும் பணம் அனுப்புவதற்கும் கைப்பேசியே போதும். உட்கார்ந்து படிப்பதற்கும், படித்துக்கொண்டே குறிப்பெழுதுவதற்கும், நான்கு பேர் சேர்ந்து ஒரு படத்தையோ கணக்கையோ பார்ப்பதற்கும்தான் டேப்லெட் ஏற்றது.

இன்னொரு செய்தியையும் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும். சேலம் நகருக்குள் இணைய வசதிக்குக் குறைவில்லை. அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டையும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களையும் சிற்றூர்களையும் அடையும்போது, சிக்னல் எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கிடைப்பதில்லை. மழைக்காலத்தில் மின்சாரமும் அப்படித்தான். ஆகவே இணையம் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் வேண்டியதை இறக்கி வைத்துக்கொண்டு, கிடைக்காத இடத்தில் அதை வைத்து வேலை செய்வது என்பதே இந்தக் கட்டுரை முழுவதும் சொல்லப்படும் வழி. மலையில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமன்றி, மாதத்தில் பத்து நாள் மேலேயும் இருபது நாள் கீழேயும் இருப்பவர்களுக்கும், விடுமுறைக்குச் செல்பவர்களுக்கும் இது பொருந்தும்.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

நெடுநாள் பயன்படுத்தாமல் கிடந்த டேப்லெட் என்றால், அதனுடன் வந்த சார்ஜரிலேயே முழுமையாக சார்ஜ் ஏற்றுங்கள். பழைய கைப்பேசியின் 5 வாட் சார்ஜரைச் செருகினால், டேப்லெட்டின் பெரிய பேட்டரி நிறைய வெகுநேரம் ஆகும். டேப்லெட் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இதனால்தான். அடுத்து வைஃபையில் இணைத்து, செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று மென்பொருள் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். புதுப்பிப்பு இறங்கி நிறுவப்படும் வரை வேறெதையும் தொட வேண்டாம்.

பிள்ளையின் வகுப்புக்குப் பயன்பட்ட பழைய டேப்லெட்டை நீங்கள் எடுத்துக்கொள்வதானால், அதிலுள்ள படங்களையும் பாடக் குறிப்புகளையும் கணினிக்கோ பென்டிரைவுக்கோ மாற்றிவிட்டு, பழைய கணக்கை நீக்கி, முழுவதுமாக அழித்துப் புதிதாகத் தொடங்குவது நல்லது. கடையில் பழையது வாங்குவதானால், விற்பவர் தம் கணக்கை உங்கள் கண்ணெதிரே நீக்கிக் காட்டிய பிறகே பணம் கொடுங்கள். அப்படி நீக்காத டேப்லெட், அழித்துத் திறந்தாலும் பழைய உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடக்கூடும். ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் இந்தப் பூட்டு உண்டு. திருட்டைத் தடுக்க ஏற்பட்ட நல்ல வசதிதான் என்றாலும், விவரம் தெரியாமல் வாங்கியவர் கையில் அந்த டேப்லெட் பயனற்றுப் போகும்.

இனிமேல்தான் புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால், விலைக்கு முன்னால் மூன்றைக் கேளுங்கள். முதலாவது சேமிப்பிடம்: 32 ஜிபி என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தாலும் இயங்குதளமே அதில் கணிசமான பகுதியை எடுத்துக்கொள்ளும் என்பதால், 128 ஜிபி உள்ளதையோ மெமரி கார்டு போட இடமுள்ளதையோ பாருங்கள். ஐபேடில் மெமரி கார்டு போட இடமில்லை. இரண்டாவது திரையின் வடிவம்: அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை எடுப்பதாகையால், ஏறக்குறைய ஒரே அளவென்று சொல்லப்படும் திரைகள் அகலத்தில் வேறுபடும். 16:10 விகிதத்தில் உள்ள 10.1 அங்குலத் திரையை நிமிர்த்திப் பிடித்தால் அகலம் சுமார் 13.6 செ.மீ.; 4:3 விகிதத்தில் உள்ள 10.2 அங்குலத் திரைக்கு அது சுமார் 15.5 செ.மீ. படம் பார்ப்பதற்கு முன்னது நன்றாக இருக்கும். பாடப்புத்தகமும் பழைய நூல்களின் பக்கப்படங்களும் படிப்பவருக்குப் பின்னதே கண்ணுக்கு இதம். மூன்றாவது சிம் போடும் வசதி: வீட்டில் யாரிடமாவது கைப்பேசி எப்போதும் இருக்குமானால், அதன் இணையத்தை ஹாட்ஸ்பாட் வழியாக டேப்லெட்டுடன் பகிர்ந்துகொள்ளலாம், சிம் இல்லாத, விலை குறைந்த டேப்லெட்டே போதும்.

தமிழில் எழுதப் பழகுதல்

ஆங்கிலத்தில் தடுமாறுபவர்கள் திரையின் மொழியையே தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சந்தேகம் வரும்போதெல்லாம் கைப்பேசியில் வேறொருவரைக் கேட்டுச் செய்பவர்களுக்கு, அவர் சொல்லும் ஆங்கிலப் பெயர்கள் திரையில் இல்லாமல் குழப்பம் வரும். அவர்கள் திரையை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, எழுதுவதற்கு மட்டும் தமிழைச் சேர்த்துக்கொள்வது நல்லது. இரண்டும் தனித்தனியான அமைப்புகள்.

எழுதுவதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஜிபோர்டு என்ற கூகுள் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்தால் வாயால் சொல்லியும் எழுதலாம், விரலாலேயே திரையில் எழுதிக்காட்டியும் எழுதலாம். கூகுளின் குரல்வழித் தட்டச்சு 2017 முதல் தமிழை அறியும். கடிதமோ விண்ணப்பமோ எழுதும்போது வீட்டில் பேசுவதுபோலப் பேசாமல் எழுத்து நடையிலேயே நிதானமாகச் சொன்னால் பிழை குறையும். புள்ளியையும் கால்புள்ளியையும் கையால் இட்டுக்கொள்ளுங்கள். விரல் எழுத்து, தட்டச்சே பழகாத பெரியவர்களுக்கு மிகவும் பிடித்துப்போகிறது; பெரிய திரையில் இடம் தாராளமாக இருப்பதால் கைப்பேசியில் வருவதைவிடத் தெளிவாக வரும்.

ஆயினும் நாள்தோறும் எழுத வேண்டியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது தமிழ்99 விசைப்பலகை. 1999இல் தமிழக அரசு ஏற்ற இந்த அமைப்பு ஐபேடில் உள்ளமைந்தே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் செல்லினம் செயலியை நிறுவினால் கிடைக்கும். உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்கள் பெரும்பாலும் வலப்புறமும் இருக்கும். மெய்யின் சாவியை அழுத்தி உயிரின் சாவியை அழுத்தினால் உயிர்மெய் பிறக்கும். ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். அம்மாபேட்டை என்று எழுதிப் பாருங்கள்: அ, ம, ம, ஆ, ப, ஏ, ட, ட, ஐ என்று ஒன்பது தட்டலில் முடிந்துவிடுகிறது, புள்ளிச் சாவியைத் தொடவே வேண்டியதில்லை. ஏற்காடு என்பதில் மட்டும் ற-வுக்குப் பிறகு புள்ளியை நாமே இட வேண்டும். முதல் வாரம் பொறுமை வேண்டும். அதற்குப் பிறகு விரல் தானாகப் போகும்.

நிரப்பிக்கொள்ள வேண்டியவை

இந்தப் பகுதிக்கு ஒரு முழு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். டேப்லெட்டின் பயன் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது.

முதலில் நூல்கள். மின்னூல்கள் இரண்டு வகையில் கிடைக்கின்றன. பிடிஎஃப் கோப்பில் பக்கம் அச்சிட்டதுபோலவே நிலையாக நிற்கும்; எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் திரைக்கு வெளியே போய்விடும். இபப் கோப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கேற்ப மறுபடி அடுக்கிக்கொள்ளும். கண் மங்கிய பெரியவர்களுக்கு இபப் கிடைக்கும்போது அதையே இறக்குங்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க நூல்கள் முதல் இருபதாம் நூற்றாண்டு நூல்கள் வரை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் (கிரியேட்டிவ் காமன்ஸ்) வெளியான நூல்கள் இபப் வடிவிலேயே கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்களின் பக்கப்படங்களைக் காணலாம். இவற்றுக்குத்தான் அகன்ற திரை உதவுகிறது.

பழைய பிடிஎஃப் கோப்புகளில் ஒரு சிக்கல் உண்டு. யூனிகோடு என்ற பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகள் கண்ணுக்குச் சரியாகத் தெரியும். ஆனால் அவற்றில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது, ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக விழும். டேப்லெட்டில் கோளாறு எதுவும் இல்லை; அந்தக் கோப்பின் இயல்பே அதுதான்.

பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் அந்தந்த வகுப்பின் தமிழ்நாட்டுப் பாடநூல்களை பிடிஎஃப் ஆக இறக்கி, வகுப்பின் பெயரில் ஒரு கோப்புறையில் வையுங்கள். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் இருக்கின்றன. அவை காணொளிகளுக்கும் கூடுதல் விளக்கங்களுக்கும் அழைத்துச் செல்பவை என்பதால், மேலே போன பிறகு திறக்காமல் போகலாம். திக்ஷா என்ற அரசுக் கல்விச் செயலியில் வேண்டிய பாடங்களை முன்னதாகவே இறக்கிக்கொள்ள வழி இருக்கிறது.

அடுத்து வரைபடம். கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டால் ஆஃப்லைன் வரைபடங்கள் என்ற பகுதி வரும். அதில் சேலம் முதல் சேர்வராயன் மலை முழுவதும் அடங்குமாறு கட்டத்தை இழுத்து இறக்குங்கள். சிம் வசதி இல்லாத ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது என்பதால் நாம் நிற்கும் இடத்தை அது துல்லியமாகக் காட்டாது; ஆனாலும் வழியைப் பார்த்து வைத்துக்கொள்ளப் பெரிய திரை மிக வசதி.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்றையும் விருப்பத்துடன் சொல்கிறேன். மெர்லின் என்ற பறவைச் செயலியில் இந்தியாவுக்குரிய தொகுப்பை ஒருமுறை இறக்கிவிட்டால், விடியற்காலையில் தோட்டத்தில் கேட்கும் குரலை வைத்தே, இணையம் இல்லாமலும், அது எந்தப் பறவை என்று ஊகித்துச் சொல்லும். சில சமயம் தவறாகவும் சொல்லும் என்பதால் கண்ணாலும் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் இறங்கிய பிறகு ஒரு சோதனை அவசியம். வீட்டில் இருக்கும்போதே டேப்லெட்டை விமானப் பயன்முறையில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். நூல் திறக்கிறதா, வரைபடம் நகர்கிறதா, நேற்று எழுதிய குறிப்பு வருகிறதா, கணக்குத் தாளில் புதிய வரி சேர்க்க முடிகிறதா என்று ஒவ்வொன்றையும் பார்த்துவிடுங்கள். கூகுள் ஷீட்ஸ், டாக்ஸ் போன்றவற்றில் ஒவ்வொரு கோப்புக்கும் ஆஃப்லைனில் கிடைக்கச் செய்யும் தேர்வு உண்டு. அதைப் போடாமல் விட்டிருந்தால் இந்தச் சோதனையில் தெரிந்துவிடும். இப்போது திறக்காதது வளைவுகளுக்கு மேலே நிச்சயம் திறக்காது.

ஹாட்ஸ்பாட்டில் இணைக்கும்போது

கைப்பேசியின் இணையத்தைப் பகிரும்போது, டேப்லெட் அதைச் சாதாரண வைஃபை என்று எண்ணிக்கொண்டு படங்களையும் புதுப்பிப்புகளையும் ஏற்றி இறக்கி, அன்றைய டேட்டாவை ஒரு மணி நேரத்தில் தீர்த்துவிடக்கூடும். அந்த இணைப்பின் அமைப்புகளில் அளவுள்ள இணைப்பு என்றோ குறைந்த டேட்டாப் பயன்முறை என்றோ இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் இது நிற்கும்.

படிப்புக்கும் தோட்டத்துக்கும்

மாணவர்களுக்கு டேப்லெட்டின் சிறப்பு, திரையை இரண்டாகப் பிரிக்க முடிவதில் இருக்கிறது. இடப்பக்கம் பாடநூல், வலப்பக்கம் குறிப்பேடு என்று வைத்துக்கொண்டு, கணக்கை நூலில் பார்த்துத் தாளில் போட்டு, விடையை மட்டும் குறிப்பேட்டில் எழுதலாம். எழுதும் பழக்கத்தை முழுவதும் திரைக்கு மாற்றுவதை நான் விரும்பவில்லை. தேர்வு தாளில்தான் நடக்கிறது. படிக்கும் நேரத்தில் அறிவிப்புகள் குறுக்கிடாமல் இருக்க, தொந்தரவு செய்யாதே என்ற அமைப்பைப் போட்டுவிடுங்கள். சிறு பிள்ளை என்றால் ஒரே செயலியை விட்டு வெளியேற முடியாதபடி பூட்டவும் முடியும். ஆண்ட்ராய்டில் ஸ்கிரீன் பின்னிங் என்றும், ஐபேடில் கைடட் அக்சஸ் என்றும் அதற்குப் பெயர். ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் பலவற்றில் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வாங்கும் ஐபேடில் அந்த வசதி இல்லை.

காபித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு டேப்லெட் ஒரு நல்ல பதிவேடு. அரபிகா காபியை வாட்டும் வெள்ளைத் தண்டுத் துளைப்பானை எடுத்துக்கொள்வோம். அந்த வண்டுகள் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் மிகுதியாக வெளிவந்து முட்டையிடுகின்றன. தாக்கப்பட்ட செடியின் தண்டில் புடைப்புகள் தெரியும். இலை மஞ்சளாகி வாடும். எந்தப் பாத்தியில் எத்தனை செடி, எப்போது கண்டது, எப்போது பிடுங்கி எரித்தது என்பது நினைவில் நிற்காது. நனைந்த நோட்டுப் புத்தகத்திலும் நிற்பதில்லை. ஆகவே கணக்குத் தாளில் தேதி, பாத்தியின் பெயர், வரிசை, கண்ட அறிகுறி, செய்த வேலை என்று ஐந்து பத்திகள் மட்டும் போட்டு வையுங்கள். அதற்குமேல் பத்திகள் வைத்தால் இரண்டாம் வாரமே எழுதுவது நின்றுவிடும். படத்தை டேப்லெட்டில் எடுக்க வேண்டாம். விலை குறைந்த டேப்லெட்டுகளின் கேமரா பொதுவாகக் கைப்பேசியினுடையதைவிடத் தாழ்ந்தது. செடிகளுக்கு நடுவே அதைத் தூக்கிப் பிடிப்பதும் சிரமம். கைப்பேசியில், தண்டுக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலையோ நாணயத்தையோ வைத்து எடுத்து, மாலையில் கேபிள் மூலமாகவோ ஆண்ட்ராய்டில் கம்பியின்றிக் கோப்பு அனுப்பும் குயிக் ஷேர் மூலமாகவோ டேப்லெட்டுக்கு மாற்றி, கோப்பின் பெயரில் தேதியையும் பாத்தியையும் எழுதிவிடுங்கள். காபி வாரிய அலுவலரிடம் ஆலோசனை கேட்கப் போகும்போது, பெரிய திரையில் மூன்று மாதப் படங்களை வரிசையாகக் காட்டினால் அவர் நோயின் போக்கையே பார்த்துச் சொல்ல முடியும்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசு வியாபாரம் செய்பவர்களும் இதே முறையைப் பின்பற்றலாம்: எடைவாரியாக ஆல்பம் பிரித்து வைத்துக்கொண்டால், வாடிக்கையாளர் கேட்டவுடன் காட்ட முடியும்.

பெரியவர்கள் கையில் கொடுக்கும்போது

எழுத்தின் அளவை அவர்களையே பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கூட்டுங்கள். நமக்குப் போதும் என்று தோன்றும் அளவு அவர்களுக்குப் போதாது. முகப்புத் திரையில் ஐந்தாறு செயலிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். திரை தானாகச் சுழல்வதை நிறுத்தி வையுங்கள். புதியவர்களைப் பெரிதும் குழப்புவது அதுதான். வாட்ஸ்அப்பை டேப்லெட்டில் நிறுவி, கைப்பேசியிலுள்ள கணக்குடன் இணைக்கப்பட்ட சாதனமாகச் சேர்த்துவிட்டால், பேரப்பிள்ளைகளுடன் காணொளியில் பேசும்போது இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்தும் முகம் தெரியும். கையில் பிடிக்காமல் நிறுத்தி வைக்க ஒரு தாங்கி வாங்கிக் கொடுங்கள். வாங்கியதிலேயே மிகவும் பயன்பட்ட பொருள் அதுதான் என்று அவர்களே சொல்வார்கள்.

வெயில், பனி, மின்னல்

ஐபேடை 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்துமாறு ஆப்பிள் சொல்கிறது. மற்ற டேப்லெட்டுகளும் ஏறக்குறைய அப்படித்தான். சேலத்தில் சித்திரை வெயிலில் நிழலிலேயே அந்த அளவு தாண்டிவிடுகிறது; மூடிய காருக்குள் கேட்கவே வேண்டாம். லித்தியம் அயான் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதில் வெப்பத்துக்குப் பெரும்பங்கு உண்டு. காரில் டேஷ்போர்டின் மேல் வைக்காதீர்கள். தலையணையின் மேல் வைத்து சார்ஜ் ஏற்றாதீர்கள். சூடாக இருக்கும்போது உறையைக் கழற்றிவிடுங்கள். அன்றாடம் 20 முதல் 80 சதவீதத்துக்குள் வைத்திருப்பது பேட்டரிக்கு நல்லது, பலவற்றில் 80 சதவீதத்தில் தானாக நிறுத்தும் அமைப்பும் இருக்கிறது. ஆனால் மலைக்குக் கிளம்பும் நாளிலும் மின்தடை எதிர்பார்க்கும் நாளிலும் முழுமையாகவே ஏற்றிக்கொள்ளுங்கள். பல மாதங்கள் எடுக்காமல் வைப்பதானால் பாதி அளவு சார்ஜில் அணைத்து வையுங்கள்.

மூடுபனியில் நின்று திரும்பிய டேப்லெட்டில் ஈரம் படிந்திருந்தால், நன்றாகத் துடைத்து, சார்ஜ் துளை உலர்ந்த பிறகே சார்ஜரைச் செருகுங்கள். கோடை மழையின்போது ஏற்காட்டில் இடி மின்னல் மிகுதி; அந்நேரத்தில் சார்ஜரைச் சுவரிலிருந்தே கழற்றிவிடுவது நல்லது. மின்னல் குறித்து எச்சரிக்கும் தாமினி என்ற அரசுச் செயலி, புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் முயற்சியில் உருவானது. இணைப்பு கிடைக்கும் தோட்டங்களில் அதைக் கைப்பேசியில் வைத்திருங்கள்.

பணமும் பாதுகாப்பும்

யுபிஐ செயலிகளைத் தொடங்க, வங்கியில் பதிவான எண்ணின் சிம் அதே சாதனத்தில் இருக்க வேண்டும். ஆகவே வைஃபை மட்டும் உள்ள டேப்லெட்டில் அவை இயங்காது. அதைக் குறையாக நான் கருதவில்லை. பலர் கைமாறும் டேப்லெட்டில் வங்கிச் செயலி இல்லாமல் இருப்பதே பாதுகாப்பு. திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் சொல்லி யாராவது அழைத்தால், எந்த அலுவலகத்தின் பெயரைச் சொன்னாலும், மறுத்துவிட்டுத் தொடர்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் சொல்லுங்கள். எவ்வளவு விரைவில் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்தும் வாய்ப்பு கூடும்.

மேலே குடியிருப்பவர்கள் சேலத்துக்கு இறங்கும் நாளில் டேப்லெட்டையும் கூடவே கொண்டுவந்து, வேகமான வைஃபை கிடைக்கும் வீட்டில் ஒரு மணி நேரம் இணைத்து வைக்கலாம். செயலிகளைப் புதுப்பித்து, ஆஃப்லைன் வரைபடத்தை மறுபடி இறக்கி, தோட்டக் கணக்கையும் படங்களையும் ஒரு பென்டிரைவுக்கோ கணினிக்கோ நகலெடுத்து, படித்து முடித்த காணொளிகளையும் நூல்களையும் அழித்து இடம் விட்டுக்கொள்ளுங்கள். உற்பத்தியாளர் பாதுகாப்புப் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட பழைய டேப்லெட்டாக இருந்தால், அதிலிருந்து மின்னஞ்சலையும் கணக்குகளையும் நீக்கிவிட்டு, இணையத்தில் இணைக்காமல் நூல் படிப்பதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். மதுரைத் திட்டத்தின் நூல்களைக் கணினியிலிருந்து கேபிள் வழியாக ஏற்றினாலே போதும்.